கருமுட்டைக்குப் புது பேட்டரியா?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு முறை ஐவிஎஃப் செய்தும் கரு தங்கவில்லை. இன்னொரு பெண்ணின் மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டு என் கருமுட்டைக்குப் 'புது பேட்டரி' போடலாம் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். 'மூன்று பேருக்குப் பிறந்த பிள்ளை என்று ஊர் பேசாதா?' என்கிறார் மாமியார். செய்துகொள்ளலாமா, டாக்டர்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: வேண்டாம் அம்மா. முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள்.

மாமியாரின் கவலையை முதலில் தீர்த்துவிடலாம். மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தருவது. நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்வதென்றால், செல்லின் நெய்வேலி. அதில் உள்ளவை 37 மரபணுக்கள் மட்டுமே. முகஜாடை, நிறம், உயரம் எல்லாம் செல்லின் மையமான உட்கருவில் உள்ள சுமார் 20,000 மரபணுக்களின் வேலை. நெய்வேலி மின்சாரம் எரிகிறது என்பதற்காக உங்கள் வீடு நெய்வேலிக்காரர் வீடாகிவிடாது.

'பேட்டரி மாற்றுவது' என்ற பேச்சே பிசகு. இந்த முறையில் உங்கள் முட்டைக்குள் எதையும் பொருத்துவதில்லை. உட்கரு நீக்கப்பட்ட தானமுட்டைக்குள் உங்கள் உட்கருவைக் குடியேற்றுகிறார்கள். தாய்வழியாக வரும் கொடிய மைட்டோகாண்ட்ரியா நோய்களைத் தடுக்க வந்த முறை இது. பிரிட்டன் 2015இல் சட்டபூர்வமாக அனுமதித்தது. அங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். அந்நாட்டின் நியூகாசில் நகரில் இப்படி எட்டுக் குழந்தைகள் பிறந்த விவரம் 2025இல்தான் வெளியானது. அவர்களில் சிலரிடம் தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியா சிறிதளவு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

உங்கள் சிக்கல் வேறு. 38 வயதில் முட்டையில் அதிகம் தடுமாறுவது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை. அவை இருப்பது உட்கருவில். அந்த உட்கருவை அப்படியே தூக்கிப் புது வீட்டில் வைத்தால் தவறும் கூடவே குடிபோகும். ஐவிஎஃப் பலமுறை தோற்ற பெண்களுக்குக் கிரீஸில் இதைச் செய்து பார்த்தார்கள். பிறந்த ஆறு குழந்தைகளில் ஒன்றிடம் தாயின் பழைய மைட்டோகாண்ட்ரியாவே மீண்டும் பெருகியிருந்தது.

நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடையாது. முட்டை தருபவர் வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது செயற்கைக் கருத்தரிப்பு குறித்த 2021ஆம் ஆண்டின் சட்டம். அந்தப் பெண்ணும் ஊசிகளையும் மயக்க மருந்தையும் தாங்கித்தான் முட்டை தருகிறாள். ஊர் என்ன பேசும் என்று யோசிக்கும் நாம் அவளைப் பற்றி யோசிப்பதே இல்லை. பிறப்பது மகளானால் அந்த மைட்டோகாண்ட்ரியா அவள் பிள்ளைகளுக்கும் போகும். கொடிய நோயைத் தவிர்க்க அந்தத் துணிச்சல் நியாயம். மையத்தின் விளம்பரத்துக்காக ஏன்?

பழைய ஐவிஎஃப் அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி ஜிப்மரின் மகப்பேறுப் பிரிவிலோ வேறொரு நிபுணரிடமோ இன்னொரு கருத்துக் கேளுங்கள். கணவரின் விந்துப் பரிசோதனை, உங்கள் தைராய்டு, கர்ப்பப்பையின் உட்சுவர், அதில் காசநோய்த் தொற்று உண்டா என்பதையெல்லாம் பார்த்தார்களா என்று விசாரியுங்கள். நம் ஊரில் அந்தக் காசநோய் பலமுறை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உங்கள் தாய்வழியில் காரணம் தெரியாமல் சிசுக்கள் இறந்ததோ, தசைத் தளர்ச்சியோ, இளவயதில் பார்வை போனதோ உண்டென்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அப்படியொரு வரலாறு இருந்தால் மரபணு ஆலோசனையிலிருந்து தொடங்க வேண்டும்.