பின்வளவு மேப்பிளுக்கு ஏன் பேமிட்?

கேள்வி: ஸ்காபரோவில் சொந்த வீடு. பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. இலையுதிர் காலத்தில் பீலி முழுக்க இலை. வேர் மேலே கிளம்பிவிட்டதால் புல்லும் வருவதில்லை. வெட்டலாம் என்றால் ரொறன்ரோ நகரசபையிடம் பேமிட் எடுக்க வேண்டுமாம். மோர்ட்கேஜ் கட்டுவது நான், வரி கட்டுவது நான். என் காணி மரத்தை வெட்ட இன்னொருவரிடம் ஏன் கேட்க வேண்டும்? ஊரில் இப்படி ஒரு சட்டம் இருந்ததா? அடிமரத்தில் செம்பு ஆணி அடித்தால் தானாகப் பட்டுவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஊரில் சட்டம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது, இன்றும் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இலங்கையில் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மரங்களை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. சொந்த வளவில் நின்றாலும் அதே கதைதான். ஆண்பனையை விட்டுவிட்டுப் பெண்பனையை ஏன் பிடித்தார்கள் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெண்பனை நின்றால்தான் பனங்காய். பனங்காய் இருந்தால்தான் பினாட்டு, பனங்கிழங்கு, ஒடியல், கூழ். ஒரு வீட்டுக்காரர் தன் வேலியோரம் நின்ற பனையைத் தறித்தால் ஊரின் சாப்பாட்டிலும் கொஞ்சம் குறைகிறது என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேட்டு வெட்டும் வழக்கம் கனடாவுக்கு வந்து நாம் புதிதாகப் படித்த ஒன்றல்ல.

சரி, ரொறன்ரோவுக்கு வருவோம். இங்கே விதி மர இனத்தைப் பார்ப்பதில்லை, பருமனைத்தான் பார்க்கிறது. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பேமிட் வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். நாடாவைச் சுற்றிப் பிடித்தால் கிடைப்பது சுற்றளவு, விட்டமல்ல. தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் உங்கள் நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். ஏறக்குறைய 94 சென்ரிமீற்றரைத் தொட்டால் அது 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரம். உங்கள் வளவு பள்ளத்தாக்குப் பாதுகாப்பு எல்லைக்குள் இருந்தால் இந்த அளவும் கிடையாது, கைத்தடி பருமன் மரத்துக்கும் அனுமதி கேட்க வேண்டும். ஸ்காபரோவில் அப்படி நிறைய வீடுகள் இருக்கின்றன. முன்வாசல் மரமென்றால் இன்னொன்றையும் பாருங்கள். நம் புல்தரை என்று நாம் வெட்டிப் பராமரிக்கிற துண்டு பல வீடுகளில் நகரத்தின் தெருக்காணி. அதில் நிற்கும் மரம் நம்முடையதே அல்ல.

இப்போது செம்பு ஆணி. விதியில் வெட்டுவது மட்டும் குற்றமல்ல, காயப்படுத்துவதும் குற்றம். ஆணி அடிப்பது, மருந்து ஊற்றுவது, வேரை அறுப்பது எல்லாம் அதற்குள் வரும். தண்டம் ஒரு மரத்துக்குக் குறைந்தது 500 டொலர், கூடியது 100,000 டொலர். இதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. பெரிய மரம் ஓர் இரவில் சாகாது. கொப்பு கொப்பாகக் காயும். காய்ந்த கொப்பு எப்போது விழும், யார் கூரையில் விழும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, உங்கள் நண்பராலும் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பெருப்பித்தார்கள். மரத்தை யாரும் தொடவில்லை. ஆனால் அடியைச் சுற்றிக் கல்லும் மண்ணும் குவித்து, பாரமான வண்டியை அதற்கு மேலேயே விட்டு எடுத்தார்கள். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் கோடையில் உச்சியில் இலை வரவில்லை, அடுத்த வருடம் பாதி மரம் மொட்டை. வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாமல் மண் இறுகிவிட்டது. 30 முதல் 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்தைச் சுற்றி 2.4 மீற்றர் தள்ளி வேலி போட்டுத்தான் கட்டட வேலை செய்ய வேண்டும் என்று நகரம் சொல்வது இதற்காகத்தான். அந்த மரம் போன பிறகு பின்னேர வெயில் எங்கள் குசினிச் சுவரில் நேராக விழுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் காணி மரம்தான். நிழல் எங்களுடையதாகவும் இருந்திருக்கிறது.

"இன்னொருவரிடம் ஏன் கேட்க வேண்டும்" என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான். இந்த நகரத்தின் மரங்களில் பாதிக்கு மேல் தனியார் காணிகளில் நிற்கின்றன. நகரத்தில் 40 விழுக்காட்டுக்கு மர நிழல் வேண்டும் என்பது இலக்கு. 2018இல் எடுத்த கணக்கில் அது மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. தெருவோரத்திலும் பூங்காவிலும் மட்டும் நட்டு இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் "என் மரம்" என்று ஒன்றொன்றாகத் தறித்தால் பத்து வருடத்தில் தெருவே வெளித்துவிடும். ஆஷ் மரங்களுக்கு நடந்ததை நாம் பார்த்தோம். 2007இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு தெருத் தெருவாக அவற்றைக் கொன்றுபோட்டது. வண்டு யாரிடமும் பேமிட் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

விதியில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறவருக்கு, திட்டம் சட்டப்படி சரியாக இருந்தால், நகரம் பெரும்பாலும் அனுமதி கொடுத்துவிடுகிறது. பணம் கட்டி, பதிலுக்குக் கன்று நட்டு, முதிர்ந்த மரத்தை வெட்டிவிடுகிறார்கள். விரல் பருமன் கன்று அந்த நிழலைத் தர நாற்பது வருடம் செல்லும். இது எனக்கு உண்மையாகவே கோபம் தருகிறது. ஆனால் அதற்குத் தீர்வு விதியை இறுக்குவது. அவர் வெட்டினார், நானும் வெட்டுவேன் என்பது தீர்வாகாது.

உங்கள் மரத்தின் ஓர் இலையைக் காம்போடு பிடுங்கி முறித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பால் வந்தால் அது நோர்வே மேப்பிள். எல்ம் மரங்கள் நோயில் அழிந்த பிறகு அந்த இடத்தை நிரப்ப இந்த நகரத்தில் அள்ளி நட்ட இனம். அடர்ந்த நிழல், மேலோடும் வேர். அதனால்தான் புல் வரவில்லை. புல்லை மறந்துவிட்டு அந்த இடத்தில் மரச்சீவலைப் பரப்புங்கள், அடிமரத்தில் முட்டாமல். பீலிக்கு வலை போடலாம், வருடத்தில் இரண்டு தடவை ஆளைப் பிடித்துத் துப்புரவாக்கலாம்.

அப்படியும் ஆகாது, மரம் நோயாளி என்று நினைத்தால் தகுதியுள்ள ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு நிபுணர்) ஒருவரைக் கூப்பிட்டு அறிக்கை எடுங்கள். பட்ட மரத்துக்கும் விழப்போகிற மரத்துக்கும் பேமிட் தேவையில்லை. ஆனால் பட்டுவிட்டது என்பதை நகரசபைக்குக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். அப்புறம் வேலியையும் ஒருமுறை பாருங்கள். அடிமரம் எல்லைக்கோட்டில் நின்றால் ஒன்ராறியோ வனச் சட்டப்படி அது இரண்டு வீட்டாருக்கும் பொது. நகரசபைக்கு எழுதுவதற்கு முன்பு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள்.