சாயங்காலம் ஆனால் கடிக்கும் குட்டி

கேள்வி: ஆறு வாரத்தில் ஒரு லாப்ரடார் ஆண் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இப்போது பத்து வாரம். பகலெல்லாம் சமர்த்தாக இருக்கிறது. சாயங்காலம் ஆறரை மணி ஆனால் போதும், வீடு முழுக்கப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கை, கால், பேண்ட் நுனி என்று எது கிடைத்தாலும் கவ்வித் தொங்குகிறது. 'நோ' என்று கத்தினால் இன்னும் துள்ளிக் கடிக்கிறது. கணவர் அதன் வாயை இறுக்கிப் பிடிப்பார், மூக்கில் தட்டுவார். இப்போதெல்லாம் அவர் கை நீண்டாலே உறுமுகிறது. ஆறு வயது மகள் சோபாவை விட்டு இறங்க மறுக்கிறாள். நேற்று அவள் புறங்கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. வளர்ந்த பிறகும் இப்படித்தான் ஆளைக் கடிக்குமா? என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ரத்தம் வந்த விஷயம். நேற்று சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால் இப்போதாவது கழுவுங்கள்: குழாய்த் தண்ணீரில், சோப்புப் போட்டு, முழுதாகப் பதினைந்து நிமிடம். பிறகு இன்றைக்கே மகளை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டிகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதில்தான் போடுகிறார்கள். உங்கள் குட்டிக்கு அது இன்னும் போட்டிருக்க வாய்ப்பில்லை. வீட்டுக்கு வரும் முன் அதற்கும் அதன் தாய்க்கும் எதனோடு பழக்கம் இருந்தது என்பதும் நமக்குத் தெரியாது. 'சின்னக் குட்டிதானே, வீட்டு நாய்தானே' என்று விடக்கூடாத ஒரே இடம் இது. ஊசி வேண்டுமா, எத்தனை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இனி குட்டி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மாலை நேரக் கடியில் கோபம் இல்லை. விளையாட்டும் தூக்கமின்மையும்தான். விளையாடும் குட்டியின் உடம்பு தொளதொளவென்று இருக்கும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கும், ஓடும், திரும்பி வந்து வம்பிழுக்கும். கவலைப்பட வேண்டிய குட்டி இதற்கு நேர்மாறு: உடம்பு விறைக்கும், தட்டின் மேலோ பொம்மையின் மேலோ அப்படியே அசைவில்லாமல் நிற்கும், ஓரக்கண்ணில் வெள்ளை தெரியும். உங்கள் கணவரைக் கண்டு உறுமுவது தனி விஷயம், அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த வயதில் வாயில் 28 பால்பற்கள் இருக்கும். தாடையில் பெரிய பலம் கிடையாது, பல் மட்டும் ஊசி. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் கூடப்பிறந்தவற்றிடம்தான் கற்றுக்கொள்ளும். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொள்ளும், தாயும் எழுந்து போய்விடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இந்தப் பாடம் மும்முரமாக நடக்கும். உங்கள் குட்டி சரியாக அந்தக் கட்டத்தில் பிரிந்து வந்திருக்கிறது. அதன்மேல் குற்றமில்லை, மிச்சப் பாடத்தை நீங்கள் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பாடத்துக்கு முன்னால் தூக்கம். பத்து வாரக் குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரத் தூக்கம் தேவை. பலர் நம்ப மாட்டார்கள். ஒரு தாளில் மூன்று நாள் குறித்துப் பாருங்கள்: எப்போது எழுந்தது, எப்போது தூங்கியது, எப்போது கடித்தது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்த நேரம் முதல் வீட்டில் கலகலப்பு, குட்டி கண்ணே மூடவில்லை என்பது அநேகமாக அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். தூக்கம் கெட்ட கைக்குழந்தை சிணுங்கும், குட்டி கடிக்கும். இந்த வயதில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும்.

ஆகவே ஆறரைக்குக் காத்திருக்காதீர்கள். ஐந்தே முக்காலுக்கு வெளியே விட்டுச் சிறுநீர் கழிக்க வையுங்கள். பிறகு கூண்டிலோ தடுப்பு வைத்த மூலையிலோ மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்து விடுங்கள். விளக்கைக் குறைத்து, ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள் முனகும். பக்கத்தில் தரையில் சும்மா உட்கார்ந்திருங்கள், பேச வேண்டாம். கடித்த பிறகு கோபத்தில் தூக்கிக்கொண்டு போய் அங்கே அடைத்தால் மட்டும் காரியம் கெட்டுவிடும். சாப்பாட்டையும் அங்கேயே வையுங்கள், அந்த இடத்துக்கு நல்ல பெயர் இருக்கட்டும்.

இப்போது பல் தோலில் படும் அந்தக் கணம். கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். அசையும் கை அதற்கு ஓடும் இரை, தோலும் கிழியும். கையை அப்படியே தளரவிட்டுத் தாழ்ந்த குரலில் 'போதும்' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். வாய் தளர்ந்ததும் எழுந்து தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம். மனதுக்குள் இருபது எண்ணிவிட்டுத் திரும்பி வந்து, எதுவும் நடக்காததுபோல் விளையாட்டைத் தொடருங்கள். மறுபடி கடித்தால் மறுபடி அதே. மூன்றாம் தடவையும் கடித்தால் பாடம் முடிந்தது, அது களைத்துவிட்டது, தூங்கப் போகட்டும்.

இருபது எண்ணிக்கை ஏன்? ஐந்து நிமிடம் போனால் எதற்காகப் போனீர்கள் என்பதே அதற்கு மறந்துபோய்விடும், வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிடும். குட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் நீங்கள் ஏன் போக வேண்டும்? தூக்கும் கையே இன்னொரு கடிக்கு வாய்ப்பு. தடுப்பு வைக்க வழியில்லாத அறை என்றால், உடம்பில் மாட்டும் பட்டையில் ஒன்றரை மீட்டர் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கனமான மேசைக் காலில் கட்டுங்கள். ஓர் அடி பின்னால் வைத்தால் எட்டாது. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் இது. கழுத்துப்பட்டையில் கட்ட வேண்டாம்.

எந்தக் கடிக்கு எழுந்து போவது? பெரியவர்கள் முதல் வாரம் வலிக்கும் கடிக்கு மட்டும் போகலாம், அடுத்து நடுத்தரக் கடிக்கும், கடைசியில் பல் பட்டாலே. முதலில் கடியின் பலம் குறைய வேண்டும், பிறகு எண்ணிக்கை. முதல் நாளிலிருந்தே எல்லாக் கடிக்கும் விளையாட்டை நிறுத்தச் சொல்பவர்களும் உண்டு. பலத்தை அடக்கக் கற்ற வாய், பின்னாளில் வலியிலோ பயத்திலோ கடிக்க நேர்ந்தாலும் அழுத்தாமல் விடும் என்பதால் படிப்படியான வழியே மேல் என்பது என் கருத்து. மகள் விஷயத்தில் மட்டும் படி கிடையாது. அவள்மேல் பல் பட்டால் உடனே நிறுத்தம்.

வலிப்பதுபோல் 'ஆ' என்று கத்தச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். சில குட்டிகளிடம் அது பலிக்கும். உங்களுடையது 'நோ' என்ற சத்தத்துக்கே கூடுதலாகத் துள்ளுகிறது, ஆகவே வேண்டாம்.

மூன்றாம், நான்காம் நாள் கடி கூடினாலும் கூடலாம். இதுவரை பலித்த வழி பலிக்கவில்லையே என்று அது இன்னும் உரக்கக் கேட்டுப் பார்க்கிறது. அப்போது வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே கையால் மல்லுக்கட்டினால் அவ்வளவுதான், உரக்கக் கேட்டால் கிடைக்கும் என்று முடிவுகட்டிவிடும்.

பொம்மையை நீட்டும் நேரத்திலும் பலர் தவறுகிறார்கள். கடித்த உடனே பொம்மை வந்தால், பொம்மை வேண்டுமென்றால் கடிக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளும். கண் உங்கள் காலைக் குறிவைக்கும்போதே, பல் படும் முன் நீட்டுங்கள். அதற்காக அறைக்கு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் கிடக்கட்டும். நடக்கும்போது கணுக்காலைக் கவ்வினால் அப்படியே நில்லுங்கள். ஒரு மீட்டர் கயிற்றின் நுனியில் பொம்மையைக் கட்டிக் காலுக்குத் தள்ளி இழுத்துக்கொண்டு நடந்தால் கவனம் அதன்மேல் போய்விடும்.

கயிறு இழுக்கும் விளையாட்டு நாயை முரடாக்கும் என்பது பழைய பயம். நிறுத்தக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் பக்கம் தளரவிட்டுப் பொம்மையைத் தொடையோடு சேர்த்து அசையாமல் பிடியுங்கள். மூக்கருகே ஒரு தீனி. வாய் திறக்கும் அந்த நொடியில் 'விடு' என்ற சொல். தின்று முடித்ததும் மறுபடி இழுக்கக் கொடுங்கள். கழுத்தை மேல்நோக்கி வெட்டி இழுக்காதீர்கள்.

மெல்லுவதற்கு, ஈரத்துணியை முறுக்கி உறைய வைத்தது போதும். ஊறவைத்த தீனியை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வைத்தால் அரைமணி ஓடும். வாங்கும் பொருளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் பதியாத அளவு கெட்டி என்றால் பல் உடையும். முழுதாக வாய்க்குள் போகும் அளவும் ஆகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடையும், தொடவே வேண்டாம். பழைய செருப்பு கொடுத்தால் புதியதும் அதன் கணக்கில் செருப்புதான்.

உங்கள் கணவருக்கு: வாயை இறுக்குவதும் மூக்கில் தட்டுவதும் இன்றோடு நிற்கட்டும். கை வந்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுவிட்டது, அதனால் முந்திக்கொள்கிறது. உறுமினால் திட்டாமல் கையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை; அதை அடித்து அடக்கினால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் மிஞ்சும். ஒரு வாரம், காலைச் சாப்பாட்டில் பதினைந்து உலர் தீனியை அவரே கொடுக்கட்டும். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, விரித்த உள்ளங்கையைத் தாழ்வாக வைத்து, ஒவ்வொன்றாக. உறுமல் நின்ற பிறகு, மார்பை ஒரு நொடி தொட்டுவிட்டு ஒரு தீனி. தலைக்கு மேலிருந்து கை வர வேண்டாம்.

மகள் குட்டியைப் பழக்க வேண்டியதில்லை. அவளுக்கு 'மரம்' விளையாட்டு ஒன்று போதும்: கால் சேர்த்து நின்று, கைகளைக் கட்டி, தன் பாதத்தைப் பார்ப்பது. குட்டி இல்லாதபோது பத்துத் தடவை ஒத்திகை பாருங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பொம்மை வீசட்டும். குட்டியோடு ஒரே இடத்தில் இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

சுமார் நான்கு மாதத்தில் பால்பல் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்தில் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். இடையில் ஈறு வலிக்கும்போது மெல்லுவது கூடும்; பழக்கிய பாடம் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம், ஈற்றில் ரத்தம் தெரிந்தால் கயிறு விளையாட்டை மட்டும் நிறுத்துங்கள். ஏழு மாதத்தில் பழைய கோரைப்பல்லும் புதியதும் ஒட்டி நின்றால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் மேல் விறைத்து நிற்பது, காதையோ இடுப்பையோ குறிப்பாகத் தொட்டால் மட்டும் கடிப்பது, கணவரைக் கண்டு உறுமுவது இரண்டு வாரமாகியும் குறையாதது, இவற்றில் எது இருந்தாலும் அதுவரை காத்திருக்காமல் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போதே சொல்லுங்கள். நேரம் குறித்த அந்தத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.