கட்டிக்கு மாத்திரை கேட்கவில்லை என்றால், பழகிப்போனது உடம்பா, கிருமியா?

கேள்வி: அப்பாவுக்கு முதுகில் வந்த கட்டி எந்த ஆன்டிபயாடிக்குக்கும் கேட்கவில்லை. சீழ் டெஸ்டில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டதா? வீட்டில் அவரைத் தனியாக வைக்க வேண்டுமா?

நான் மருத்துவர் இல்லை. பதினோரு வருடமாக லேபில் கல்ச்சர் தட்டு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு, பார்க்கிறவள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது வழக்கமான பல ஆன்டிபயாடிக்குக்குக் கேட்காத ஒரு கிருமி. இதே ரிசல்ட்டை என் பெரியப்பாவுக்கு நானே எழுதியிருக்கிறேன். அதனால்தான் பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

பெரியப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ஒரு பங்குனியில் பிடரியில் சின்னதாகக் கட்டி கிளம்பியது. வேனல் கட்டிதானே என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். அடங்கவில்லை. மெடிக்கலில் கழுத்தைக் காட்டி மூன்று நாளைக்கு 'பவர் மாத்திரை' வாங்கினார். கூடவே ஒரு வலி மாத்திரையும் கொடுத்திருப்பார்கள் போல. வலி போனதும் கட்டியும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். பத்தாம் நாள் நான் ஊருக்குப் போனபோது சட்டைக் காலர் பிடரியோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் நனைத்துப் பிரித்துப் பார்த்தால் சல்லடை மாதிரி நாலைந்து கண், ஒவ்வொன்றிலும் சீழ். ராஜபிளவை. சர்க்கரைக்காரர்களைத் தேடி வருவது.

"எனக்கு இந்த மாத்திரையெல்லாம் பழகிப்போச்சும்மா, இன்னும் பவரா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். நீங்களும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டிருக்கிறீர்கள். பழகியது உடம்புக்கு இல்லை, கிருமிக்கு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உடம்புக்குப் பழகியது என்று நினைக்கும்வரை அது அவரவர் பிரச்சினையாகவே தோன்றும். கிருமி ஒரு உடம்போடு நிற்பதில்லை. ஆயுளில் ஒரு ஆன்டிபயாடிக் கூடச் சாப்பிடாதவருக்கும் பழகிய கிருமி வந்து ஒட்டலாம்.

சர்ஜன் கீறிச் சீழை வெளியேற்றினார். பாதி வைத்தியம் அதுதான். சீழ் தேங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் இல்லை, எவ்வளவு பெரிய மாத்திரை போட்டாலும் அங்கே சரியாகப் போய்ச் சேராது. அவர் பஞ்சுக் குச்சியில் தொட்டுக் கொடுத்த சீழ் என் மேஜைக்கு வந்தது.

மறுநாள் காலை தட்டில் பொன்னிறத்தில் பொட்டுப் பொட்டாக வளர்ந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஊதா நிறத் திராட்சைக் கொத்து. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பெயரே திராட்சைக் கொத்தையும் பொன்னையும் வைத்து வந்ததுதான். ஏதோ அரிய கிருமி என்று பயந்துவிடாதீர்கள். பத்துப் பேரில் மூன்று பேர் மூக்குக்குள் இது சும்மா குடியிருக்கிறது. தோலில் கீறல் கிடைத்தால்தான் வேலையைக் காட்டும்.

அப்புறம் அந்தக் கிருமியை வேறொரு தட்டில் பரப்பி, மேலே மருந்து தோய்த்த பொட்டு வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் விழும். செஃபாக்ஸிட்டின் வில்லைக்கு 22 மில்லிமீட்டராவது வட்டம் வேண்டும். பெரியப்பாவின் தட்டில் வட்டமே இல்லை, வில்லையின் விளிம்புவரை கிருமி ஆடை படிந்த மாதிரி வளர்ந்திருந்தது. எம்.ஆர்.எஸ்.ஏ. என்று எழுதுவது இதைப் பார்த்துத்தான்.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் மெத்திசிலின் என்ற மருந்துக்குக் கேட்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அந்த 'எம்' மெத்திசிலின். கதை கொஞ்சம் பழையது. பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940களிலேயே அதை வெட்டிப்போடும் ஸ்டாஃப் கிருமி (ஸ்டாஃபிலோகாக்கஸை நாங்கள் சுருக்கிச் சொல்வது) மருத்துவமனைகளில் தலைகாட்டியது. அந்த வெட்டுக்குத் தப்பும் மருந்தாக 1959ல் மெத்திசிலின் வந்தது. 1961ல் இங்கிலாந்தில் அதற்கும் கேட்காத ஸ்டாஃபைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பென்சிலின் குடும்பத்து மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்பவை. எம்.ஆர்.எஸ்.ஏ. வேறொரு கொத்தனாரைக் கொண்டுவந்துவிட்டது, அவர் கை இந்த மருந்துகளின் பிடிக்குச் சிக்காது. அதனால் அமாக்ஸிசிலினிலிருந்து செஃபிக்ஸிம் வரை நமக்குப் பழக்கமான பல மாத்திரைகள் இதனிடம் செல்லாது. மெத்திசிலினை இப்போது யாரும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெஸ்டிலும் அதற்குப் பதிலாகத்தான் அந்தச் செஃபாக்ஸிட்டின் வில்லை.

என்னை உறுத்தியது தட்டின் இன்னொரு பக்கம். எரித்ரோமைசின் வில்லையும் கிளிண்டாமைசின் வில்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்போம். கிளிண்டாமைசினுக்கு நல்ல வட்டம் விழுந்திருந்தது, ஆனால் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் கத்தியால் சீவிய மாதிரி தட்டையாக இருந்தது. ஆங்கில 'டி' எழுத்து போல. பார்வைக்குக் கேட்கிற மருந்து, ஆனால் கிருமியிடம் தப்பிக்கும் வித்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. எரித்ரோமைசினைக் கண்டதும் விழித்துக்கொள்கிறது. அப்படியானால் கிளிண்டாமைசினுக்கும் 'கேட்காது' என்றே எழுத வேண்டும்.

எரித்ரோமைசினின் நெருங்கிய உறவு அசித்ரோமைசின். பெரியப்பா தும்மினாலே மூன்று அசித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொள்பவர். சளி வைரஸால் வருவது, அதற்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மூக்கில் சும்மா இருந்த ஸ்டாஃப்மேல் அந்த மருந்து ஒவ்வொரு முறையும் பட்டிருக்கும். சாதுவானவை சாகும், தப்பிக்கத் தெரிந்தவை பெருகும். அவருக்கு இப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், வேறெங்காவது தொற்றியும் இருக்கலாம். ஆனால் அந்த 'டி'யைப் பார்த்ததும் எனக்கு அவர் சட்டைப் பையில் இருக்கும் மாத்திரை அட்டைதான் ஞாபகம் வந்தது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016ல் மத்திய அரசே விளம்பரம் செய்தது. எங்கள் தெரு மெடிக்கலில் இன்றும் கேட்டால் கிடைக்கும்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் மருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் 'எஸ்' போட்டிருப்பவை கேட்கும். பெரியப்பாவுக்கு டாக்ஸிசைக்ளின் போதுமானதாக இருந்தது. லினசோலிட், வான்கோமைசின் போன்ற பெரிய மருந்துகளெல்லாம் அப்புறம். எதைக் கொடுப்பது, எத்தனை நாள் என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள், அது இறங்காமல் புண் ஆறாது. காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தயவுசெய்து யாரும் கட்டியைப் பிதுக்க வேண்டாம்.

தனியாக வைப்பதா? பெரியம்மா ரிப்போர்ட்டைக் கேட்டதும் அவருடைய தட்டு, டம்ளரைப் பிரித்து ஜன்னலில் வைத்துவிட்டார். இரண்டு நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டையும் டம்ளரையும் பிரிக்கத் தேவையில்லை. பிரிக்க வேண்டியது துண்டு, தலையணை உறை, சவரக் கத்தி. புண்ணை மூடி வையுங்கள், கட்டுப் பிரித்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். பெரியம்மா தட்டைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோனார். துண்டு மட்டும் இன்றுவரை தனிக் கொடியில்தான் காய்கிறது.