மாஸ்ரரைக் கேளுங்கள்: கொப்பளமில்லாத எரிவு

கேள்வி: மாஸ்ரர், போன கிழமை கறித்தூளுக்கு 3 கிலோ செத்தல் மிளகாய் காம்பு கிள்ளினேன். இரவிரவாக விரல்கள் காந்தின. தண்ணீருக்குள் கையை வைத்தால் அடங்குகிறது, எடுத்தால் திரும்பத் தொடங்குகிறது. ஆனால் ஒரு கொப்பளம்கூட வரவில்லை. உறைப்பு முழுக்க விதையில்தான் என்கிறா மாமி. இன்னொன்று, இவருடைய முழங்கால் நோவுக்கு மிளகாய்ச் சத்துப் போட்ட கிறீம் இருக்காம். எரிகிறதைப் பூசினால் நோ மாறுமா?
- வாசகி, இணுவில்

பதில்: பிள்ளை, கொப்பளம் வராததைக் கவனித்தீரே, விஷயமே அதில்தான் இருக்கிறது. உம்முடைய கை வேகவே இல்லை. வேகிறது என்று நரம்பு ஒரு பொய்ச் சேதி அனுப்பியிருக்கிறது.

நரம்பு நுனிகளில் சூட்டை அறிகிற புரதம் ஒன்று உண்டு. பெயர் ரி.ஆர்.பி.வி.1. ஏறக்குறைய 43 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது திறக்கும், உடனே ‘சுடுது’ என்று மூளைக்குத் தகவல் போகும். மிளகாயிலுள்ள கப்சைசின் அதே புரதத்தில் ஒட்டி, சூடு இல்லாமலே திறந்துவிடுகிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தது. 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்கு. உறைப்பைச் சுவை என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைத்ததுண்டு. அது சுவையில்லை, சூட்டு உணர்வு.

தண்ணீரின் குளிர் இருக்கும் வரைதான் அந்தப் புரதம் அடங்கியிருக்கும். கப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் முதலில் நல்லெண்ணெயை விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துப் பழந்துணியால் துடையும். அப்புறம் சவர்க்காரம். சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம், காந்தல் கூடும். வாய் எரிந்தால் பாலோ தயிரோ நல்லது.

மாமி சொன்னது பாதி சரி. கப்சைசின் ஊறுவது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சவ்வில். செத்தல் உடையும்போது அது விதையிலும் பூசிக்கொள்கிறது. இதை மாமிக்குத் தன்மையாகச் சொல்லும்! எங்கள் வேலியோரக் கொச்சி மிளகாயைக் கொண்டைக்குருவி பழம்போல விழுங்கிவிட்டுப் போகிறது. பறவைகளின் அந்தப் புரதம் கப்சைசினுக்கு அசையாது. விதை சேதமில்லாமல் எச்சத்தோடு விழும், செடிக்கும் அதுதான் வேண்டும்.

சரி, இவருடைய முழங்கால். அந்தக் கிறீம் உண்மைதான். 0.025 முதல் 0.075 வீதம் வரை கப்சைசின் இருக்கும். முதல் நாட்களில் எரியும். திரும்பத் திரும்பப் பூசும்போது அந்த நரம்பு நுனிகள் களைத்து, நோவுச் சேதி அனுப்புவதையும் குறைத்துவிடும். இரண்டு நாள் பூசிவிட்டு ‘சரிவரேல்லை’ என்று எறியக்கூடாது, ஒன்றிரண்டு கிழமை பொறுக்க வேண்டும். சின்னம்மை வைரஸ் பிற்காலத்தில் அக்கியாக வந்து, அந்த அக்கி மாறிய பின்னும் நிற்கிற நரம்பு நோவுக்கு 8 வீதக் கப்சைசின் உள்ள ஒட்டுப்பட்டையே இருக்கிறது, அதை மருத்துவர்தான் ஒட்டுவார். வீட்டு மிளகாயை அரைத்துப் பூசுகிற வேலை வேண்டாம், அளவு தெரியாது. புண், கீறல் உள்ள இடத்தில் கிறீமும் கூடாது. வாங்குமுன் மருத்துவரை ஒரு சொல் கேளும்.

பூசியதும் கையைக் கழுவச் சொல்லும். நான் ஒருமுறை மோர்மிளகாய்க்குக் கீறிய கையோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிவிட்டு, அரை மணித்தியாலம் கிணற்றடியில் நின்றேன்.