பழசை நினைத்தால் மனம் ஏன் இளகுகிறது? – கேள்வி பதில்

நான் மனநல ஆலோசகர். முதியவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் பேசுவதுதான் என் வேலை. பழைய நாட்களின் மீதான ஏக்கம் பற்றி வந்த கேள்விகளில், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்நேரமும் பழசையே பேசுகிறேன் என்று வீட்டில் கோபித்துக்கொள்கிறார்கள். இது ஒரு வியாதியா?
(பணி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

வியாதி இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஊரையும் பழைய நாட்களையும் நினைத்து ஏங்குவதை ஒரு காலத்தில் மருத்துவர்களே வியாதி என்றுதான் நம்பினார்கள். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் இதைப் பற்றி ஆய்வேடே எழுதினார். ஊரை விட்டுப் பிரிந்தவர்களுக்குத் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, நெஞ்சு படபடக்கும், காய்ச்சல் வரும் என்று பட்டியல் போட்டு, ஊருக்குத் திருப்பி அனுப்புவதே மருந்து என்றார். பின்னால் வந்த ஷாய்ட்ஸர் என்ற அறிஞர், மலையில் வளர்ந்தவர்கள் கீழே இறங்கியதும் காற்றின் அழுத்தம் கூடுவதால்தான் இப்படி ஆகிறது என்று விளக்கம் கொடுத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, வடக்குப் படையின் மருத்துவர்கள் 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு இந்த நோய் இருப்பதாகப் பதிவு செய்தார்கள்.

இப்போது அப்படி யாரும் நினைப்பதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செடிகிடஸ், வில்ட்ஷட் ஆகியோர் சுமார் 20 வருடங்களாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். தனிமையும் சோர்வும் வரும்போதுதான் இந்த ஏக்கம் அதிகம் தலைதூக்குகிறது என்றும், நினைத்துப் பார்த்து முடித்த பிறகு 'எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற உணர்வு கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். மனம் தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற வழி இது. உங்கள் வீட்டாரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: ஐயா பழசைப் பேசும் நாட்களில், அவரிடம் இன்றைய விஷயத்தை யாராவது பேசினீர்களா?

கைபேசியும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகுதானே இந்த ஏக்கம் இவ்வளவு பெருகிவிட்டது?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

பழைய படங்கள் கைக்கு எளிதாக வருகின்றன, அவ்வளவுதான். ஏக்கம் மிகப் பழையது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். பாடியவரின் பெயர்கூடத் தெரியாமல், பாட்டில் வரும் பூண் போட்ட ஊன்றுகோலை வைத்தே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வந்துவிட்டது. கோலை ஊன்றி நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு இடையில் சில வார்த்தை பேசுகிற கிழவர் அவர். அவருக்கு ஞாபகம் வருவது என்ன? மணலில் பாவை செய்து அதற்குப் பூச்சூட்டியது, தண்ணீரின் மேல் சாய்ந்த மருத மரத்துக் கிளையில் ஏறி ஆழமான மடுவில் 'துடும்' என்று குதித்தது, அடிவரை மூழ்கிப் போனதற்குச் சாட்சியாகக் கையில் மணலை அள்ளிக்கொண்டு மேலே வந்தது. அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார்.

அதில் 'கரையவர் மருள' என்று இரண்டு சொல் வரும். கரையில் நின்றவர்கள் பார்த்துத் திகைக்கும்படி குதித்தானாம். என்னைப் பொறுத்தவரை அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மடு இன்னும் இருக்கும், மரமும் இருக்கலாம். கரையில் நின்று வாய்பிளந்தவர்கள்தான் இல்லை. பழைய நினைவைப் பற்றிப் பேச வருகிற யாரிடமும் கொஞ்சம் கிளறிக் கேட்டால், கடைசியில் வந்து நிற்பது ஒரு பொருளோ ஊரோ இல்லை, அவரை ஒரு காலத்தில் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்த சில முகங்கள்தான்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாச்சா உருண்டை வாசனை வந்ததும் அழுகை வந்துவிட்டது. புகைப்படத்தைப் பார்த்தால்கூட அப்படி வருவதில்லை. ஏன்?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

மூக்குக்கும் மூளைக்கும் இருக்கும் பாதை தனி. கண்ணில் படுவதும் காதில் விழுவதும் தாலமஸ் என்ற பகுதி வழியாகச் சுற்றிக்கொண்டு போகின்றன. வாசனை அப்படிச் சுற்றிப் போகாமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் பக்கத்திலேயே போய்ச் சேர்கிறது. அதனால்தான் 'இது என்ன வாசனை' என்று யோசிப்பதற்கு முன்பே கண் நிறைந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு சொல்லையோ படத்தையோ காட்டி ஞாபகம் வருவதைக் கேட்டால், பெரும்பாலும் பதின்வயது, இருபது வயதுச் சம்பவங்கள் வரும். வாசனையைக் காட்டினால் அதற்கும் முன்னே, பத்து வயதுக்குள் நடந்தவை வருகின்றன. பெட்டியின் மூடியைத் தூக்கியதும் நீங்கள் போய் நின்றது, பாட்டி பட்டுப்புடவையை எடுத்து உதற, அந்த மடிப்புக்குள் நீங்கள் முகத்தைப் புதைத்த வயதில். அந்தப் புடவையை உடனே துவைத்துவிடாதீர்கள்.

அப்பாவுக்கு 82 வயது. ராணிப்பேட்டையில் லாரி ஓட்டிய கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். எப்படிச் சமாளிப்பது?
(மென்பொருள் பணியாளர், சென்னை)

'இதை நூறு தடவை சொல்லிட்டீங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். 1963-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், வயதானவர்கள் பழையதைத் திரும்பிப் பார்ப்பது புத்தி தளர்ந்ததன் அறிகுறி இல்லை, வாழ்ந்த வாழ்க்கைக்குக் கணக்குப் பார்க்கிற இயல்பான வேலை என்று எழுதினார். முதியோர் இல்லங்களில் இன்று பழைய பாட்டையும் பொருளையும் வைத்துப் பேச வைக்கும் முறை வளர்ந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

கதை ஒன்றாக இருந்தாலும் கேள்வியை மாற்றுங்கள். 'அந்த லாரியில கிளீனர் யாருப்பா?', 'ராத்திரி எங்க நிறுத்திச் சாப்பிடுவீங்க?', 'மொத சம்பளத்துல அம்மாவுக்கு என்ன வாங்கினீங்க?' என்று பக்கவாட்டில் கேட்டால், இதுவரை சொல்லாத ஒன்று வெளியே வரும்.

ஒரு எச்சரிக்கை. பழைய கதை துல்லியமாக இருந்து, காலையில் சாப்பிட்டது ஞாபகம் இல்லாமல் போனாலோ, பழகிய தெருவில் வழி தவறினாலோ, பணம் எண்ணத் தடுமாறினாலோ, அதை வயசு என்று விட்டுவிடக் கூடாது. மறதி நோயில் புது நினைவுகள்தான் முதலில் போகும். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நண்பர்கள் எல்லாரும் கிராமத்து வாழ்க்கையை நினைத்து உருகுகிறார்கள். எங்கள் தாத்தா அதே மாதிரி ஒரு கிராமத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தவர். எனக்கு அந்த ஏக்கம் வருவதே இல்லை. என்னிடம்தான் ஏதாவது குறையா?
(பொறியாளர், மதுரை)

குறை இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நினைவு ஒரு பதிவேடு இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மனம் அதைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதிவைக்கிறது. கசப்பு வேகமாக மங்கும், இனிப்பு மெதுவாக மங்கும். 1997-இல் அமெரிக்காவில் மிட்செல், தாம்ப்ஸன் ஆகியோர், கலிஃபோர்னியாவில் நீண்ட சைக்கிள் பயணம் போனவர்களிடம் பயணத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் கேட்டுப் பார்த்தார்கள். நடுவில் அலுத்துக்கொண்டவர்களே, முடிந்த பிறகு நன்றாக இருந்தது என்றார்கள். மூன்று வாரப் பயணத்துக்கே இப்படி என்றால் 50 வருடத்துக்கு எப்படி இருக்கும்?

'அந்தக் காலம் நல்ல காலம்' என்று சொல்லும்போது, எந்த வீட்டிலிருந்து சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70-ஐ ஒட்டி இருக்கிறது. பெரியம்மை 1975 வரை இந்த நாட்டில் இருந்தது. 1960-களின் நடுவில் அரிசிக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. 1967 தேர்தலில் அரிசி விலையே பெரிய பேச்சாக இருந்தது. விறகடுப்பை ஊதி ஊதிக் கண் எரிந்தவர்கள் வீட்டுப் பெண்கள். அந்த அடுப்புச் சமையலின் ருசியை நினைத்து உருகுகிறவர்கள் பெரும்பாலும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆண்கள். டீக்கடையில் தனிக் குவளையில் குடிக்க வைக்கப்பட்டவருக்கும், பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவருக்கும் அதே கடை, அதே வருடம், அதே டீ. நினைவு மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

உங்கள் நண்பர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் திண்ணையும் வாய்க்காலும் அத்தை வீட்டுச் சாப்பாடும் உண்மையிலேயே கிடைத்தன. பரபரப்பு இல்லாத பொழுதும், கேட்காமலே வந்து உதவிய சொந்தங்களும் இன்று குறைந்திருப்பதும் நிஜம். அதைச் சொந்த நினைவாகச் சொல்லட்டும், கேட்டு மகிழலாம். ஊருக்கே அப்படித்தான் இருந்தது என்று வரலாறாகச் சொல்லும்போது தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பழைய பொற்காலத்தை மீட்டுத் தருவோம் என்று மேடையில் யாராவது பேசினாலும், யாருக்குப் பொற்காலம் என்று கேளுங்கள்.

ஏக்கம் இல்லை என்றீர்கள். தாத்தா அந்தத் தெருவைக் கடந்துபோய் எங்கே செருப்பை மாட்டிக்கொண்டார், அங்கே யார் அவரை மரியாதையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் குடும்பம் நினைத்து நிமிரக்கூடிய இடம் அங்கே இருக்கக்கூடும்.

2004-இல் பிறந்தேன். ஆனால் 80-களின் இளையராஜா பாட்டைக் கேட்டால், வாழாத காலத்துக்கு ஏங்குகிறேன். இது எப்படிச் சாத்தியம்?
(மாணவர், சேலம்)

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரும்ஹன்ஸல் 2013-இல் இதையே கண்டார். 20 வயது மாணவர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோர் இளைஞராக இருந்த காலத்துப் பாட்டின் மீதும் தனிப் பிடிப்பு இருந்தது. அப்பா ஓட்டிய காரில், அம்மா சமைத்த நேரத்தில் ஓடிய பாட்டு அது. நீங்கள் 80-களுக்கு ஏங்கவில்லை தம்பி, பின்சீட்டில் பாதித் தூக்கத்தில் இருந்த உங்கள் ஐந்து வயதுக்கு ஏங்குகிறீர்கள்.

பழைய பெயர், பழைய பாட்டில் என்று சொல்லியே விற்கிறார்களே?
(மளிகைக் கடைக்காரர், விருதுநகர்)

விற்கத்தான் செய்வார்கள். 2017 மார்ச்சில் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியைப் புறக்கணித்தபோது நம் ஊர்ப் பழைய குளிர்பானமான பவண்டோவுக்குப் புது மவுசு வந்ததை உங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஓடிய கேம்பா கோலா என்ற குளிர்பானத்தை 2023-இல் ரிலையன்ஸ் திரும்பக் கொண்டுவந்ததும் அதே கணக்கில்தான். பிடித்தால் வாங்கிக் குடிக்கலாம், தப்பில்லை. விலையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனத்தோடு சனமாக நடந்து தென்மராட்சிக்கு வந்தோம். இப்போது கனடாவில் இருக்கிறேன். போன வருடம் ஊருக்குப் போனேன். வளவு இருக்கிறது, கிணறு இருக்கிறது. படலையைத் திறந்து உள்ளே போனதும் ஒரே வெறுமை. இவ்வளவு காலமும் எதற்காக ஏங்கினேன் என்றே விளங்கவில்லை.
(டொரொண்டோவிலிருந்து ஒரு அம்மா)

அம்மா, உங்களுடையதை வெறும் ஏக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரும்பிப் பிரிந்தவர் ஏங்குவது வேறு, துரத்தப்பட்டவர் இழந்தது வேறு. உங்களுக்கு நடந்தது இழப்பு. அதற்கு அழுது தீர்க்க வேண்டிய துக்கம் பாக்கி இருக்கிறது. அந்த இரவில் அதற்கு நேரம் இருந்திருக்காது.

வெறுமைக்கு வருகிறேன். கிணற்றடி இருந்தது. ஆனால் அங்கே தண்ணீர் அள்ள வந்து, உங்களைச் சின்னப் பிள்ளையாகக் கூப்பிட்டவர்கள் இல்லை. அவர்கள் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிதறிக் கிடக்கிறார்கள், சிலர் உயிரோடு இல்லை. உங்கள் ஊரின் பெரும்பகுதி இப்போது அந்த வீடுகளில்தான் இருக்கிறது. அதே ஒழுங்கையில் வளர்ந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து ஒரு பின்னேரம் உட்கார வையுங்கள். யார் வீட்டு மாமரம் எந்த வேலிப்பக்கம் சாய்ந்திருந்தது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்கட்டும். யாழ்ப்பாணத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். துக்கம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்தால், தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

நல்ல ஏக்கம் எது, மனச்சோர்வு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(பலர் கேட்டது)

நினைத்து முடித்ததும் யாருக்காவது போன் செய்யத் தோன்றினால் நல்லது. கதவைச் சாத்திக்கொள்ளத் தோன்றினால், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், உதவி கேளுங்கள்.

அம்மாவின் நினைவுகளைப் பதிவு செய்து வைக்க ஆசை. 'உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்கம்மா' என்றால் 'என்னத்தச் சொல்ல' என்று எழுந்துபோய்விடுகிறார்.
(ஆசிரியை, திருநெல்வேலி)

கேள்வி பெரிதாக இருக்கிறது, அதனால்தான். சின்னதாகக் கேளுங்கள். சமைக்கும்போதோ பூ கட்டும்போதோ, கைக்கு வேலை இருக்கும் நேரமாகப் பாருங்கள். போனில் பதிவை ஓடவிட்டு ஓரமாக வைத்துவிடுங்கள். பதிவு செய்வதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிட வேண்டும், ஒளித்துச் செய்யக் கூடாது. 'நீங்க பிறந்த வீட்டுல சமையக்கட்டு எந்தப் பக்கம்மா?' என்று ஆரம்பியுங்கள். வாசலிலிருந்து உள்ளே நடத்திக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஆள் வருவார், ஆளோடு கதை வரும். வருடம் தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் 'அப்புறம் ஆச்சி?' என்று கேட்டால், உங்களிடம் சொல்லாததையெல்லாம் சொல்வார்.