பழைய எம்ஜிபி, புதிய பிக்கப்: வேகத்தை மட்டும் வைத்து அளக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். தினமும் வேலைக்கு ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில்தான் போகிறேன், 2.7 லிட்டர் டர்போ எஞ்சின். இப்போது 1969 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பழைய பிரிட்டிஷ் கார்) ஒன்று விலைக்கு வருகிறது. ஓட்டிப் பார்த்தேன், என் பிக்கப்பின் வேகம்கூட இல்லை. இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார்களே? வாங்கினால் வேலைக்கு எடுத்துப் போகலாமா?

பதில்: நீங்கள் கவனித்தது சரிதான். எம்ஜிபி 60 மைல் வேகத்தைத் தொடச் சுமார் 12 வினாடி பிடிக்கும். உங்கள் பிக்கப்புக்கு அதில் பாதி போதும். எம்ஜிபியில் இருப்பது 1,798 சிசி எஞ்சின், 95 குதிரைத்திறன். உங்களுடையது 325. பிக்கப்பின் எடை இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனாலும் குதிரைத்திறனை எடையால் வகுத்துப் பார்த்தால்கூட பிக்கப்பே முந்துகிறது. டர்போ செய்கிற வேலை அது; 10 கியர் ஆட்டோமேட்டிக்கும் வேகமெடுக்க உதவுகிறது.

ஆனால் 1962-ல் இங்கிலாந்தின் அபிங்டனிலிருந்து வெளிவந்தபோதே எம்ஜிபி பெரிய வேகப்புலி இல்லை. அதன் ருசி வளைவில்தான் தெரியும். உட்கார்ந்தால் தரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் நேராக உள்ளங்கைக்கு வரும். 40 மைலே 80 மாதிரி இருக்கும். பிக்கப்பில் 80-ல் போனாலும் வீட்டு சோபாவில் சாய்ந்திருப்பது போலத்தான்!

வேலைக்கு எடுத்துப் போவதா? நான் வேண்டாம் என்பேன். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத வண்டி என்றால் 75 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் அலறும். இருந்தால் 3,400 பக்கம், பரவாயில்லை. அதைவிட முக்கியம், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. வண்டியின் உயரமே 125 சென்டிமீட்டர்தான். உங்களைப் போல் பிக்கப் ஓட்டுகிறவர் மேலிருந்து பார்த்தால் பக்கத்தில் எம்ஜிபி நிற்பதே தெரியாமல் போகலாம். விடுமுறை நாளில், வெயில் ஏறுவதற்கு முன், ஊருக்கு வெளியே வளைந்து போகும் சாலையில் ஓட்டுங்கள்.

வாங்குவதற்கு முன் எஞ்சினைவிடக் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். கூரையில்லாத வண்டி, பலம் முழுக்க அங்கேதான். மேலே பெயின்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். சில்லில் ஜாக்கி வைக்கும் இடத்தில் வண்டியைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு மாட்டிக்கொண்டால் விலையே பேச வேண்டாம். எஞ்சின் பயமில்லை; ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அடங்கும், உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கிறது.

வாங்கிவிட்டால், அப்புறம் முதல் வேலையாகப் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். இந்த எஞ்சினில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர்கள் இருப்பதோ, புகையை வெளியேற்றும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ள அதே பக்கத்தில்; ஹோஸ் கசிந்தால் தீப்பிடிக்கலாம்.