காசுக் கணக்கு சரியாக வரும் படங்கள்: யதார்த்த சினிமா கேள்வி பதில்

அதிகம் ஓடாத, அதிகம் பேசப்படாத தமிழ்ப் படங்களைத் தேடிப் பார்க்கும் மூத்த ரசிகர் ஒருவரிடம் திரைப்படச் சங்க நண்பர்கள் கேட்டவையும் அவர் சொன்னவையும்.

சார், ஒரு படத்தை யதார்த்தம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மேக்கப் இல்லாமல் எடுத்தால் போதுமா?

போதாது. நான் முதலில் பார்ப்பது காசு. இந்த ஆளின் சம்பளம் என்ன, வாடகை எப்படிக் கட்டுகிறான், யாரிடம் கடன் என்பதெல்லாம் படத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அர்ச்சனா நடித்த சுதா, தாத்தாவின் மனையில் சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். அப்புறம் படம் முழுக்க மனை, கடன், லஞ்சம், கான்ட்ராக்டர், சிமெண்ட்தான். சிமெண்ட் திருடு போவதை அவளிடம் சொல்வது அங்கே வேலை பார்க்கும் சித்தாள் மங்கம்மா. அந்த இடத்தில் வில்லன் சிரிப்போ தடதட இசையோ கிடையாது. வீடு கட்டி அவதிப்பட்ட யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், பாதிப் படத்தில் எழுந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இன்னொன்று, படத்துக்காக நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே எடுத்தார்கள். அஸ்திவாரம், சுவர், கூரை என்று அது மெல்ல எழும்புவது கண்ணுக்குத் தெரிகிறது. செட் போட்டால் இது வராது.

அதில் வரும் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

சொக்கலிங்க பாகவதர், நாடக மேடையிலிருந்து வந்தவர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பி வருகிறார். பூசாத சுவரைத் தொட்டுத் தடவுகிறார், உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறார். பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் கை செங்கல்லைத் தடவுகிற விதம் போதும், மனை அவர் எத்தனை வருடம் பொத்தி வைத்தது என்று புரிந்துவிடும். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்கு இவர்தான் ஒரு படி மேல்.

பின்னணி இசை இருந்தால் யதார்த்தம் கெட்டுப்போகும் என்கிறார்களே, அண்ணா?

அது வறட்டு விதி, தம்பி. 'வீடு' படத்தில் பாட்டு இல்லை, ஆனால் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்து இசை இருக்கிறது. அதனால் என்ன குறைந்துபோயிற்று? செழியனின் 'டூ லெட்' பின்னணி இசையே இல்லாமல் வந்தது. அங்கே அது தேவை. ஒண்டுக்குடித்தனத்தில் பக்கத்து வீட்டுச் சத்தமும் தெருச் சத்தமும்தான் கேட்கும், அதைக் கேட்கவிட வேண்டும். கண்ணீரை வரவழைக்க வயலினை இழுத்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

'டூ லெட்' கதை ரொம்பச் சின்னது இல்லையா? வீடு தேடுகிறார்கள், அவ்வளவுதானே.

வாடகைக்கு வீடு தேடியவருக்கு அது சின்ன விஷயமாகத் தெரியாது! கதை 2007-ல் நடக்கிறது. ஐடி சம்பளம் சென்னை வாடகையை ஏற்றிவிட்ட சமயம். சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் கணவன், மனைவி, சின்னப் பையன். போகிற இடமெல்லாம் என்ன சாதி, என்ன சாப்பிடுவீர்கள், என்ன வேலை என்று விசாரணை. சினிமா என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். அடித்துத் துரத்துகிறவர் யாருமில்லை, எல்லோரும் மரியாதையாகவே 'இல்லை' என்கிறார்கள். நிஜத்திலும் இப்படித்தானே நடக்கிறது.

மெதுவாகப் போனால்தான் யதார்த்தமா? தூக்கம் வருகிறது, ஐயா.

மெதுவாகப் போவதற்குக் காரணம் இருக்க வேண்டும். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) படத்தில் குடிகாரத் தகப்பனும் பையனும் பொட்டல் வெயிலில் ஊருக்கு நடக்கிறார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு நோட்டைப் பையன் கிழித்துப் போட்டுவிட்டான், அதனால் நடை. அந்தத் தூரத்தை வெட்டிச் சுருக்கினால் வெயில் நமக்கு எட்டாது. தாகத்துக்குப் பையன் வாயில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அதை வைக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியலே கிடக்கிறது. இந்த நடை அவனுக்குப் புதிதல்ல என்பது ஒரே ஷாட்டில் முடிந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம். ஒன்றேகால் மணி நேரத்துக்குள் தூக்கம் வந்தால் குற்றம் உங்கள் மேல் இல்லை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டது தப்பு.

உங்களுக்கு உறுத்திய யதார்த்தப் படம் ஏதாவது?

மிகவும் பிடித்த படத்தையே சொல்கிறேன். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). தேனிப் பக்கம் சுமை தூக்கும் ரங்கசாமிக்குச் சொந்த நிலம் வாங்க ஆசை. மலையேறும் ஆட்கள் பேசிக்கொண்டே நடக்கும் காட்சிகள் பிரமாதம், அந்த ஊர் மக்களையே நிறைய நடிக்க வைத்திருக்கிறார். ஆனால் தொழிற்சங்கத் தோழர் வரும் இடங்களில் சில வசனங்களுக்கு மேடைப் பேச்சின் வாடை அடிக்கிறது. கடைசியில் அந்த நிலம் கைவிட்டுப் போய் ரங்கசாமி காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே எல்லாம் விளங்கிவிடுகிறது. முன்னால் அவ்வளவு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

1960-களில் தமிழில் இந்த மாதிரி முயற்சி உண்டா?

உண்டு. 'பாதை தெரியுது பார்' (1960). இயக்கியவர் நிமாய் கோஷ், இசை எம்.பி. சீனிவாசன். தொழிலாளர் பக்கம் நின்ற படம். வசூலில் தேறவில்லை.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க ஒன்று சொல்லுங்கள், சார்.

வாடகை வீடு என்றால் 'டூ லெட்'. வங்கிக் கடனில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் 'வீடு' வேண்டாம், கிரகப்பிரவேசம் முடியட்டும்.